ஒரு புனிதர் துறவற சபையை நிறுவினார் என்றால் என்ன பொருள்? – லொயோலா இஞ்ஞாசியாரை முன்வைத்து

திருச்சி தூய வளனார் கல்லூரி, சென்னை இலயோலா கல்லூரி, பாளையங்கோட்டை தூய சவேரியார் கல்லூரி ஆகியவற்றின் கல்வெட்டுகளிலும் விழா அழைப்பிதழ்களிலும் அருட்தந்தையரின் பெயருக்குப் பின்னால் ‘சே.ச.’ என்று போட்டிருப்பதைப் பலர் பார்த்திருப்பார்கள். அதை ஏதோ மேற்படிப்பின் சுருக்கம் என்று நினைப்பவர்கள் உண்டு. சிறுவயதில் நானும் அப்படித்தான் நினைத்திருந்தேன். அது சேசு சபை என்பதன் சுருக்கம். இன்று இயேசு சபை என்றும் எழுதுகிறார்கள். அதை நிறுவியவராகச் சொல்லப்படுபவர் புனித இஞ்ஞாசியார்.

அவரைப் பற்றிப் பேச்சுவாக்கில் சொல்லப்படும் கதை ஒன்று உண்டு. அவர் ஒரு படைத்தளபதி. போரில் காயம்பட்டு மனம் திருந்தினார். கத்தோலிக்கத் திருச்சபையை எதிர்த்துப் பிரிந்த மார்ட்டின் லூத்தரை எதிர்க்க, திருத்தந்தைக்கென, அதாவது போப்பாண்டவருக்கென, ஒரு துறவிப் படையை உருவாக்கினார். அதற்காகவே புனிதர் பட்டம் பெற்றார். ஒரே மூச்சில் சொல்லி முடித்துவிடக்கூடிய இந்தக் கதையில், காயம்பட்டதும் மனம் மாறியதும் தவிர மற்ற எதையும் அப்படியே ஏற்க முடியாது. ‘நிறுவினார்’ என்ற சொல்லுக்குள் என்னென்ன அடங்கியிருக்கிறது என்பதை அவருடைய வாழ்க்கையை வைத்தே பார்க்கலாம்.

‘சபை’ என்ற சொல்லில் உள்ள சிக்கல்

தமிழில் ‘சபை’ என்றால் பெரும்பாலும் தனித்த ஒரு கிறிஸ்தவப் பிரிவுதான் நினைவுக்கு வருகிறது. பெந்தெகொஸ்தே சபை என்கிறோம், தென்னிந்தியத் திருச்சபை என்கிறோம். ஆனால் கத்தோலிக்கர்கள் துறவற சபை என்று சொல்லும்போது தனிப் பிரிவு எதையும் குறிப்பதில்லை. திருவாவடுதுறை ஆதீனமும் தருமபுரம் ஆதீனமும் தனித்தனி மரபும் தனித்தனித் தலைமையும் கொண்டவை. அதனால் சைவம் இரண்டு சமயங்களாகிவிடவில்லை. ஒப்புமை முழுப் பொருத்தமில்லை என்றாலும், துறவற சபையின் இடம் ஏறத்தாழ அதுதான்: ஒரே சமயத்துக்குள், ஒரே நம்பிக்கையோடு, குறிப்பிட்ட ஒரு வாழ்க்கை முறையை ஏற்றுச் சேர்ந்து வாழும் குழு.

இந்தக் குழுவில் சேர்பவர்கள் வார்த்தைப்பாடு கொடுக்கிறார்கள். இறைவன் முன்னிலையில் பலர் அறியக் கொடுக்கும் உறுதிமொழிக்கு அந்தப் பெயர். கற்பு, ஏழ்மை, கீழ்ப்படிதல் என அவை மூன்று: திருமணம் செய்துகொள்வதில்லை, தமக்கெனச் சொத்து வைத்துக்கொள்வதில்லை, சபைத் தலைவர் அனுப்பும் இடத்துக்குச் செல்வது. வார்த்தைப்பாடு கொடுத்த எல்லாரும் குருக்கள் அல்லர். அருட்சகோதரிகளும் அருட்சகோதரர்களும் இதில் அடக்கம். அதுபோலவே எல்லாக் குருக்களும் துறவற சபையைச் சேர்ந்தவர்கள் அல்லர். ஓர் ஆயரின் ஆளுகைக்கு உட்பட்ட மறைமாவட்டத்தின் குரு பெரும்பாலும் வாழ்நாள் முழுதும் அந்த எல்லைக்குள்ளேயே பணியாற்றுவார். இயேசு சபைக் குருவோ இந்த ஆண்டு திண்டுக்கல், அடுத்த ஆண்டு ஆப்பிரிக்கா என்று அனுப்பப்படக்கூடியவர்.

ஆகவே ஒரு துறவற சபை உருவாக மூன்று வேண்டும்: ஒருவரிடம் தோன்றிய வாழ்க்கை முறை, அதை ஏற்று உடன் வரும் மனிதர்கள், அதைச் சட்டமாக எழுதித் திருச்சபையிடம் பெறும் ஒப்புதல். இஞ்ஞாசியாரின் வாழ்வில் இந்த மூன்றும் கூடிவர ஏறத்தாழ 19 ஆண்டுகள் ஆயின.

நாக்கில் இனிப்பதும் வயிற்றில் தங்குவதும்

ஸ்பெயினின் வடக்கே, பாஸ்கு மக்கள் வாழும் பகுதியில் அஸ்பெய்த்தியா என்ற ஊரை அடுத்த லொயோலா மாளிகையில் 1491ஆம் ஆண்டு அவர் பிறந்தார். திருமுழுக்குப் பெயர் இனிகோ. இளமையில் காஸ்தீல் அரசின் கருவூல அதிகாரி ஒருவரின் இல்லத்தில் வளர்ந்து, அரசவைப் பழக்கங்களையும் வாள்வீச்சையும் அழகாக உடுத்துவதையும் கற்றார். பின்னர் நாவார் பகுதியின் அரசப் பிரதிநிதியிடம் பணியாற்றினார். தளபதிப் பதவி எதையும் அவர் வகிக்கவில்லை; தேவைப்பட்டால் வாளெடுக்கும் அரசவைக்காரர் என்று சொல்வதே பொருத்தம்.

1521 மே 20ஆம் நாள் பாம்ப்லோனாக் கோட்டையைப் பிரெஞ்சுப் படை தாக்கியபோது, சரணடையலாம் என்ற மற்றவர்களை மறுத்து நின்றவர் அவர். பீரங்கிக் குண்டு ஒன்று ஒரு காலை முறித்து மற்றதையும் புண்ணாக்கியது. வென்ற பிரெஞ்சுக்காரர்களே முதல் சிகிச்சை செய்து அவரைச் சொந்த ஊருக்கு அனுப்பிவைத்தனர். அங்கே எலும்பு கோணலாகக் கூடியிருப்பது தெரிந்து மறுபடி உடைத்துச் சேர்த்தார்கள். அப்படியும் முழங்காலுக்குக் கீழே ஓர் எலும்பு துருத்திக்கொண்டு நின்றது. அன்றைய நாகரிகப்படி காலை ஒட்டிய பூட்ஸ் அணிய அது இடைஞ்சல் என்பதால், துருத்திய எலும்பை அறுத்தெடுக்கச் சொன்னார். மயக்க மருந்து இல்லாத காலம் அது. கைகளை இறுக மூடிக்கொண்டு பொறுத்துக்கொண்டார். ஒரு புனிதர் வாழ்வில் இந்த இடத்தை விரைவாகக் கடந்துவிடக் கூடாது என்பது என் எண்ணம். பின்னாளில் நற்செயலுக்குத் திரும்பிய அதே பிடிவாதம் இங்கே ஒரு ஜோடி பூட்ஸுக்காகச் செலவாகிறது.

படுக்கையில் பொழுதுபோக வீரதீரக் கதைகள் கேட்டார். வீட்டில் இருந்தவையோ கிறிஸ்துவின் வாழ்க்கை வரலாறும் புனிதர்களின் வரலாறும்தான். அவற்றைப் படித்தார், இடையிடையே உயர்குலப் பெண் ஒருத்திக்காகச் செய்யப்போகும் வீரச் செயல்களைப் பற்றி மணிக்கணக்கில் கனவும் கண்டார். இரண்டு கற்பனைகளுமே அந்த நேரத்தில் இனித்தன. ஆனால் வீரக் கனவு முடிந்ததும் மனம் வறண்டு கிடந்தது. புனிதர்களைப் போல வாழும் கனவு முடிந்த பிறகும் நிறைவு நீடித்தது. ஒரு பண்டம் நாக்கில் இனிப்பது வேறு, இரண்டு மணி நேரம் கழித்து வயிற்றில் எப்படித் தங்குகிறது என்பது வேறு அல்லவா? அந்த இரண்டாவது செய்தியை அவர் கவனிக்கத் தொடங்கினார். மனத்தில் எழும் உந்துதல்கள் எதிலிருந்து வருகின்றன, எங்கே கொண்டுபோய் விடுகின்றன என்று பொறுமையாகப் பார்த்து முடிவெடுக்கும் இந்த முறைக்குக் கத்தோலிக்கத் தமிழில் தேர்ந்து தெளிதல் என்று பெயர். இயேசு சபையின் வித்து பீரங்கிக் குண்டில் இல்லை. இந்தக் கவனிப்பில்தான் இருக்கிறது.

அந்தத் தெளிவு ஒரே நாளில் வந்துவிடவில்லை. 1522இல் மோன்செராத் திருத்தலத்துக்குக் கோவேறு கழுதைமேல் போகும் வழியில் அன்னை மரியாவைப் பற்றித் தாம் ஏற்க முடியாததைச் சொல்லிச் சென்ற முகமதியர் ஒருவரைப் பின்தொடர்ந்து குத்துவதா வேண்டாமா என்று தெரியாமல், கடிவாளத்தைத் தளர்த்தி முடிவைக் கழுதையிடமே விட்டார். கழுதை வேறு பாதையில் திரும்பியது. இதைப் பிற்காலத்தில் அவரே தம் சபையினருக்குச் சொன்னார், அன்றைய தம் குருட்டுத்தனத்துக்குச் சான்றாக. மோன்செராத்தில் மாதா சுரூபத்தின் முன் வாளையும் குறுவாளையும் விட்டுவிட்டு, விலையுயர்ந்த ஆடையை ஒரு பிச்சைக்காரருக்குக் கொடுத்துவிட்டுப் போனார். அந்த ஏழையைத் திருடன் என்று பிடித்துவிட்டார்கள் என்று கேள்விப்பட்டபோது அவருக்குக் கண்ணீர் வந்தது.

அருகிலிருந்த மன்ரேசாவில் ஏறத்தாழ 10 மாதங்கள் கடும் தவம் செய்தார். முடியும் நகமும் வெட்டவில்லை. பாவ உணர்வு வாட்டித் தற்கொலை எண்ணம் வரைக்கும் போனார். மீண்டெழுந்தபின் அங்கே எழுதத் தொடங்கிய குறிப்புகளே ‘ஆன்மிகப் பயிற்சிகள்’ என்ற நூலாக வளர்ந்தன. அதை எடுத்து வாசித்துவிட்டுச் சுவையில்லை என்பவர்கள் உண்டு. நீச்சல் கற்றுக்கொடுப்பவர் கையில் வைத்திருக்கும் குறிப்பேடு போன்றது அது. தண்ணீரில் இறங்காமல் படித்தால் ஒன்றும் கிடைக்காது. ஏறத்தாழ 30 நாள் தனிமையில், வழிகாட்டி ஒருவரின் துணையோடு செய்ய வேண்டிய தியானங்கள் அதில் இருக்கின்றன.

இதுவரை கிடைத்தது மூன்றில் முதலாவது மட்டும்: ஒருவரின் அனுபவமும் அதைப் பிறருக்குக் கொடுக்க ஒரு வழிமுறையும். சபை தொடங்கும் எண்ணம் அவருக்கு இன்னும் இல்லை.

கலைந்துபோன முதல் கூட்டம்

1523இல் எருசலேமுக்குப் போய் அங்கேயே தங்கிவிட நினைத்தார். புனித இடங்களின் பொறுப்பிலிருந்த பிரான்சிஸ்கன் துறவிகள் பாதுகாப்பு கருதி அவரைத் திருப்பி அனுப்பினர். ஊர் திரும்பியவர், ஆன்மாக்களுக்கு உதவப் படிப்பு வேண்டும் என்று முடிவெடுத்து, 33 வயதில் பார்சலோனாவில் சிறுவர்களோடு உட்கார்ந்து இலத்தீன் இலக்கணம் படித்தார். பிறகு அல்கலா, சலமான்கா ஆகிய பல்கலைக்கழக ஊர்களுக்குச் சென்றார். குருவும் அல்லாத, இறையியலும் முடிக்காத ஒருவர் மக்களுக்கு ஆன்மிக வழி காட்டுவது ஐயத்தைக் கிளப்பியது. அல்கலாவில் 42 நாளும் சலமான்காவில் 22 நாளும் சிறையில் இருந்தார். எழுத்தில் தவறேதும் கண்டுபிடிக்கப்படவில்லை. ஆனால் படித்து முடிக்கும்வரை சில பொருள்கள் பற்றிப் பேசக் கூடாது என்று கட்டுப்பாடு விதித்தார்கள்.

பலர் கவனிக்காத ஒன்று இங்கே உண்டு. ஸ்பெயினிலேயே அவரோடு சில தோழர்கள் சேர்ந்திருந்தனர். ஒரே மாதிரி உடை உடுத்தினார்கள், ஒன்றாகச் சிறைக்கும் போனார்கள். 1528இல் அவர் பாரிசுக்குப் போனபின் அந்தக் கூட்டம் கலைந்து ஆளுக்கொரு திசையாகப் போய்விட்டது. ஒருவரின் ஈர்ப்பில் கூடியவர்கள் அவர் நகர்ந்ததும் பிரிந்துவிடுவார்கள் என்பதை அவர் பட்டுத்தான் தெரிந்துகொண்டார்.

பாரிசில் அவசரப்படவில்லை. தூய பார்பரா கல்லூரியில் பேதுரு ஃபேபர், பிரான்சிஸ் சவேரியார் என்ற இரு இளைஞர்களோடு ஒரே அறையில் தங்கினார். ஃபேபர் இவருக்குப் பாடம் சொல்லிக்கொடுத்தார். இவர் ஃபேபரின் மனக்குழப்பங்களுக்கு வழி காட்டினார். ஃபேபரை ஆன்மிகப் பயிற்சிகளுக்கு அழைத்துச்செல்லவே சில ஆண்டுகள் காத்திருந்தார். பதவியும் புகழும் வேண்டும் என்றிருந்த சவேரியார் மசிய இன்னும் நாளாயிற்று. 1534 ஆகஸ்ட் 15ஆம் நாள் மோன்மார்த்தர் குன்றின் சிற்றாலயத்தில் எழுவர் கூடினர். அவர்களில் குருவாக இருந்தவர் ஃபேபர் ஒருவரே. அவர்தான் திருப்பலி நிறைவேற்றினார். ஏழ்மையிலும் கற்பிலும் வாழ்வது, எருசலேமுக்குச் செல்வது, ஓராண்டு காத்திருந்தும் அது கைகூடாவிட்டால் திருத்தந்தை அனுப்பும் இடத்துக்குச் செல்வது என்று வாக்குக் கொடுத்தனர். லூத்தரை எதிர்ப்பது பற்றி அந்த வாக்கில் ஒரு சொல்லும் இல்லை. வெனிசுக்கும் துருக்கியருக்கும் போர் மூண்டு, அந்த ஆண்டு கப்பலே கிடைக்காமல் போனதால்தான் அவர்கள் உரோமைக்குத் திரும்பினார்கள்.

கைப்பக்குவமும் எழுதிய அளவும்

வீட்டில் நன்றாகச் சமைக்கும் ஒருவர் உப்பை அளந்து போடுவதில்லை, கைப்பக்குவம் போதும். அவரே ஆயிரம் பேருக்கான கல்யாணச் சமையலைப் பத்து ஊர்களில் ஒரே நாளில் நடத்த வேண்டும் என்றால், அளவுகளை எழுதித்தான் ஆகவேண்டும். எழுதும்போது ருசி குறைந்துவிடுமோ என்ற பயமும் வரும். சபை நிறுவுநரிடம் உள்ள இந்தக் கைப்பக்குவத்தைக் கத்தோலிக்கர் தனிவரம் என்பர்: பிறர் நலனுக்காக ஒருவருக்கு அருளப்பட்ட ஒரு தனித்த வழி. அதை எழுதிய அளவாக மாற்றும் வேலைதான் 1539இல் உரோமையில் நடந்தது.

அப்போது அவர்கள் பத்துப் பேர். திருத்தந்தை அவர்களைப் பல ஊர்களுக்கு அனுப்பத் தொடங்கியிருந்தார். பிரிந்து போனபின்னும் நாம் ஒரே குழுவா என்பது முதல் கேள்வி. ஆம் என்று விரைவிலேயே முடிவாயிற்று. நம்மில் ஒருவருக்கு மற்றவர்கள் கீழ்ப்படிவதா என்பது இரண்டாவது. இதற்குப் பல வாரங்கள் ஆயின. பகலில் வழக்கமான பணிகள்; மாலையில் கூடிப் பேச்சு. ஒவ்வொருவரும் தனியே செபிக்க வேண்டும், முன்கூட்டி மற்றவரிடம் பேசிச் சேர்த்துக்கொள்ளக் கூடாது, தாம் இக்குழுவுக்கு அயலார் என்று எண்ணிப் பார்க்க வேண்டும் என்பவை அவர்களே வகுத்துக்கொண்ட விதிகள். ஒரு நாள் அனைவரும் கீழ்ப்படிதலுக்கு எதிரான காரணங்களை மட்டுமே சொன்னார்கள். மறுநாள் அனைவரும் ஆதரவான காரணங்களை மட்டுமே சொன்னார்கள். இதனால் எதிர்க்கட்சி, ஆளுங்கட்சி என்று பிரிய வழியில்லாமல் போனது. இறுதியில் ஒருமனதாக ஆம் என்றனர். லொயோலாவில் படுக்கையில் கிடந்த ஒருவர் தம் மனத்துக்குள் செய்த தேர்ந்து தெளிதலை இங்கே பத்துப் பேர் சேர்ந்து செய்தார்கள். ‘நிறுவினார்’ என்று ஒருமையில் சொல்வது ஏன் முழு உண்மையாகாது என்பதற்கு இதைவிட வேறு சான்று வேண்டியதில்லை.

ஒப்புதலும் அதில் இருந்த தகராறும்

முடிவைச் சுருக்கமான விதித்தொகுப்பாக எழுதித் திருத்தந்தை 3ஆம் பவுலிடம் கொடுத்தனர். அவர் வாய்மொழியாக இசைந்தாலும், துறவற சபைகளின் எண்ணிக்கையைக் குறைக்கவேண்டும் என்று கருதிய கர்தினால் ஒருவர் கடுமையாக எதிர்த்தார். ஓராண்டு இழுத்த பிறகு, 1540 செப்டம்பர் 27ஆம் நாள் ஆணைமடல், அதாவது திருத்தந்தையின் முத்திரையிட்ட அதிகாரப்பூர்வ ஆவணம், வெளிவந்தது. உறுப்பினர் 60 பேருக்கு மேல் போகக் கூடாது என்ற வரம்போடுதான் வந்தது. நான்கே ஆண்டுகளில் அந்த வரம்பு நீக்கப்பட்டது.

எதிர்ப்புக்குக் காரணம் இருந்தது. அன்றுவரை துறவி என்றால் மடத்தில் இருப்பவர், நாளுக்குப் பலமுறை கூடிப் பாடிச் செபிப்பவர், தனி உடை உடுத்துபவர். இவர்கள் கூட்டுப் பாடல் செபமும் வேண்டாம், தனி உடையும் வேண்டாம் என்றார்கள். நடுராத்திரியில் நோயாளியைப் பார்க்கப் போகிறவர், கப்பலில் இருப்பவர், வகுப்பெடுப்பவர் மணியடித்ததும் ஓரிடத்தில் கூட முடியாது என்பதே காரணம். மூன்று வார்த்தைப்பாடுகளோடு நான்காவதாக, பணிக்கென எங்கே அனுப்பினாலும் போவோம் என்று திருத்தந்தைக்கு ஒரு வாக்கையும் சேர்த்தனர்.

‘படை’ என்ற கதைக்கு இரண்டு சொற்கள் உதவின. அவர்கள் தேர்ந்த ஸ்பானியப் பெயர் ‘கொம்பஞ்ஞீயா’. படைப்பிரிவுக்கும் அச்சொல் வழங்கினாலும் தோழர் கூட்டம் என்பதே அவர்கள் கொண்ட பொருள். சபைத் தலைவரை ‘ஜெனரல்’ என்பது ‘பொதுத் தலைவர்’ என்ற தொடரின் குறுக்கம். இராணுவ ஜெனரல் என்ற பொருள் அதற்கு இல்லை. 1541 ஏப்ரலில் அந்தப் பொறுப்புக்கு இஞ்ஞாசியாரைத் தேர்ந்தபோது அவர் மறுத்தார். மறுபடி வாக்களித்தும் அவர் பெயரே வந்தது. தம் வாழ்வின் குறைகளையெல்லாம் ஒரு பிரான்சிஸ்கன் குருவிடம் பாவசங்கீர்த்தனத்தில் (பாவ அறிக்கையில்) சொல்லி, அவர் ஏற்கச் சொன்ன பிறகே ஏற்றார்.

கீழ்ப்படிதல் எப்படி இயங்குகிறது

இயேசு சபையினர் பிணத்தைப் போலக் கீழ்ப்படிய வேண்டும் என்று இஞ்ஞாசியார் எழுதியதை எடுத்துக்காட்டி, அங்கே சிந்தனைக்கே இடமில்லை என்பார்கள். எழுதியது உண்மை, அந்த உவமை அவருக்கு முன்பே துறவிகளிடையே வழங்கியதுதான். ஆனால் உவமையைச் சுற்றியுள்ள அமைப்பையும் பார்க்க வேண்டும். உறுப்பினர் தம் உள்ளத்தில் நடப்பதையும், தமக்கு எது இயலும் எது இயலாது என்பதையும் ஆண்டுதோறும் தலைவரிடம் திறந்து சொல்கிறார். தலைவர் அதைக் கேட்ட பிறகே அனுப்புகிறார். அனுப்பிய இடம் சரியில்லை என்று தோன்றினால், செபித்துவிட்டுக் காரணத்தை எடுத்துச் சொல்லலாம். நோயாளி மறைக்காமல் சொல்வதும் மருத்துவர் பொறுமையாகக் கேட்பதும் இருந்தால்தான் மருந்து வேலை செய்யும், இதுவும் அப்படித்தான்.

இந்த விவரங்கள் எல்லாம் அமைப்புச் சட்டம் என்ற நூலில் உள்ளன. அதைத் தம் கடைசி ஆண்டுகள் முழுவதும் எழுதித் திருத்திக்கொண்டே இருந்தார். அவர் இறந்து இரண்டு ஆண்டு கழித்து, 1558இல்தான் சபையின் பொதுப்பேரவை அதை முறைப்படி ஏற்றது. புதிதாகச் சேர்பவரின் தொடக்கப் பயிற்சியான நவதுறவைப் பிற சபைகளின் ஓராண்டிலிருந்து ஈராண்டாக நீட்டியதும், அதில் மருத்துவமனைப் பணியையும் காசில்லாமல் நடந்து செல்லும் திருப்பயணத்தையும் சேர்த்ததும், கலைந்துபோன முதல் கூட்டத்தை மறக்காததால்தான் என்று எனக்குத் தோன்றுகிறது.

எல்லாக் கதவும் திறந்துவிடவில்லை என்பதையும் சொல்ல வேண்டும். பார்சலோனாவில் தம் படிப்புக்கு உதவிய இசபெல் ரொசேர் என்ற பெண்மணியின் வார்த்தைப்பாட்டைத் திருத்தந்தையின் கட்டளையால் 1545இல் ஏற்ற இஞ்ஞாசியார், மறு ஆண்டே அதிலிருந்து அவரை விடுவித்தார். பெண்கள் பிரிவு உருவாகவில்லை.

உரோமையிலிருந்து முத்துக்குளித்துறை வரை

இஞ்ஞாசியார் தலைவரானபின் இறக்கும்வரை பெரும்பாலும் உரோமையிலேயே இருந்தார். சபையைக் கட்டியவை கடிதங்கள். ஏறத்தாழ 7,000 கடிதங்கள் எஞ்சியிருக்கின்றன. 1540 மார்ச்சில், ஆணைமடல் வருவதற்கு முன்பே, நோயுற்ற ஒருவருக்கு மாற்றாகச் சவேரியார் இந்தியாவுக்குப் புறப்பட்டார். 1542 இறுதியில் முத்துக்குளித்துறைப் பரதவரிடையே வந்து சேர்ந்தார். இருவரும் அதன்பின் சந்திக்கவே இல்லை. தோழர்கள் எழுதிய கடிதங்களிலிருந்து அவர்கள் கையெழுத்துகளை வெட்டி எடுத்துத் தம்மோடு வைத்திருப்பதாகச் சவேரியார் ஒரு கடிதத்தில் எழுதினார். 1553 ஜூனில் அவரை ஐரோப்பாவுக்குத் திரும்பி வரும்படி இஞ்ஞாசியார் எழுதினார். சவேரியார் இறந்து அப்போதே ஆறு மாதம் ஆகியிருந்தது.

இயேசு சபையின் முதல் மறைச்சாட்சியான (நம்பிக்கைக்காக உயிர்விட்டவரான) அந்தோனியோ கிரிமினாலி, 1549இல் கொல்லப்பட்டது மண்டபத்தை அடுத்த வேதாளையில். 1578இல் கொல்லத்தில் ‘தம்பிரான் வணக்கம்’ என்ற தமிழ் நூலை அச்சேற்றிய இயேசு சபைக் குரு அண்டிரிக் அடிகளார், தமிழ் கற்பதில் தாம் பட்ட பாட்டை இஞ்ஞாசியாருக்கே கடிதமாக எழுதியவர்.

புனிதர் பட்டம் வேறு கணக்கு

1556 ஜூலை 31ஆம் நாள் இஞ்ஞாசியார் இறந்தபோது சபையில் ஏறத்தாழ 1,000 பேர் இருந்தனர். அந்த எண்ணிக்கைக்காக யாரும் புனிதர் பட்டம் கொடுப்பதில்லை. ஒருவரின் வாழ்வையும் எழுத்தையும் அவர் பரிந்துரையால் நடந்ததாகச் சொல்லப்படும் புதுமைகளையும் (அற்புதங்களையும்) ஆராய்ந்து, அவர் விண்ணகத்தில் இருக்கிறார், அவரிடம் வேண்டலாம் என்று திருச்சபை அறிவிப்பதே புனிதர் பட்டம். அவருக்கு அது 1622 மார்ச் 12ஆம் நாள் கிடைத்தது. அதே நாளில் பட்டம் பெற்ற ஐவரில் மத்ரித் ஊர் இசிதோரும் ஒருவர். அவர் ஒரு விவசாயக் கூலி. எந்தச் சபையையும் நிறுவாதவர்.

சபையின் கணக்கு தனி என்பதை 1773 காட்டியது. ஐரோப்பிய அரசுகளின் நெருக்கடியால் திருத்தந்தை 14ஆம் கிளமெந்து இயேசு சபையைக் கலைத்தார். 1814இல் 7ஆம் பயஸ் மீண்டும் அதை நிலைநிறுத்தும்வரை, ரஷ்யப் பேரரசு போன்ற ஓரிரு இடங்களில் மட்டுமே அது உயிரோடு இருந்தது. இஞ்ஞாசியாரின் புனிதர் பட்டத்தில் யாரும் கை வைக்கவில்லை. மனம் வருந்தும்படியான எதையும் நினைக்க வேண்டாம் என்று மருத்துவர் சொன்னபோது, எது தம்மை வருத்தும் என்று இஞ்ஞாசியார் ஒருமுறை யோசித்துப் பார்த்ததாக உடனிருந்தவர் குறித்து வைத்திருக்கிறார். சபை கலைந்துபோவது ஒன்றுதான் நினைவுக்கு வந்ததாம். அப்படி அது தண்ணீரில் உப்பாகக் கரைந்தே போனாலும், கால் மணி நேரம் செபித்தால் மனம் அமைதியாகிவிடும் என்றாராம்.